வாசகர் கேட்டவை: மலையகத்தின் சிறு காட்டுப்பூனைகள்

சென்ற இதழில் தேயிலைத் தோட்டங்களில் நடமாடும் சிறுத்தைகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதன்பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறுத்தையைவிடச் சிறியதும், அதே வேளை வீட்டுப் பூனை அல்லாததுமான ஒரு விலங்கைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றில் ஐந்து கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம்.

எங்கள் பாடசாலைக்குக் கீழே ஆற்றோரத்தில், கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அந்தி நேரத்தில் திரும்பிய அம்மாமார் ஒரு விலங்கைக் கண்டிருக்கிறார்கள். சிறிய நாயளவு, உடல் முழுக்கப் புள்ளி, வால் குட்டை என்கிறார்கள். சிறுத்தைக் குட்டி என்று சிலரும் மரநாய் என்று சிலரும் சொல்வதால் பிள்ளைகள் பயந்துபோய் இருக்கிறார்கள். அது என்னவாக இருக்கும்?
– ஓர் ஆசிரியை, அக்கரப்பத்தனை

நீரோரம், அந்தி நேரம், குட்டை வால் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது பெரும்பாலும் கொடுப்புலி எனப்படும் மீன்பிடிப் பூனையாகவே இருக்கும். சிங்கள அயலவர்கள் இதை ஹந்துன் திவியா என்பார்கள். வளர்ந்த விலங்கு 5 முதல் 16 கிலோகிராம் வரை எடை கொண்டது; ஆண், பெண்ணைவிட நன்றாகப் பெரியது. உடல் சாம்பலும் ஒலிவ் பச்சையும் கலந்த நிறம். அதன்மேல் நீள்வாட்டில் வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள் இருக்கும். நெற்றியிலிருந்து பிடரி நோக்கிக் கருங்கோடுகள் ஓடும். கால்கள் குட்டையானவை, உடல் கட்டுமஸ்தானது. வால் உடல் நீளத்தில் பாதிகூட இராது.

சிறுத்தையின் உடலில் தனிப்புள்ளிகளைவிட வளையம் வளையமாக அமைந்த புள்ளிக் கூட்டங்களே அதிகம். நிறம் மஞ்சள் சார்ந்தது. வாலோ குட்டிக்குங்கூட நீளமானது. தூரத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனிக்க முடியுமானால் வாலைக் கவனியுங்கள் என்றே நான் சொல்வேன். மரநாய்க்கும் புனுகுப்பூனைக்கும் முகவாய் நீண்டு கூராக இருக்கும். அவை பூனைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே அல்ல.

மறுநாள் காலையில் ஆற்றோரச் சேற்றைப் பாருங்கள். பூனைக் குடும்பத்துக் காலடியில் நான்கு விரல்களின் அடையாளமே பதியும். மரநாயின் காலடியில் ஐந்து விரல்கள் பதியும். பூனைகள் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் நகத்தடம் தெரியாது. ஆனால் மீன்பிடிப் பூனையின் நகங்கள் உறைக்குள் முழுவதுமாக அடங்குவதில்லை. எனவே நான்கு விரல்களோடு நகநுனியும் சேற்றில் பதிந்திருந்தால், அதை நாயின் தடம் என்று ஒதுக்கிவிடாமல் அருகில் சென்று பாருங்கள். நாயின் தடம் நீள்வட்டம், பூனையின் தடம் உருண்டையானது.

மலையகத்தில் வாழும் மற்றொன்று துரும்பன் பூனை. முழு வளர்ச்சி அடைந்த பின்னும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோகிராம் அளவே இருக்கும் இது, உலகின் மிகச் சிறிய பூனை இனங்களுள் ஒன்று. இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் மட்டுமே வாழ்கிறது. சாம்பல் கலந்த பழுப்பு முதுகில் துருவின் நிறத்தில் சிறு புள்ளிகளும், வெள்ளைக் கன்னத்தில் இரண்டு கருங்கோடுகளும் காணப்படும். வாலில் புள்ளி ஏறக்குறைய இராது. இதைக் காண்பவர்கள் வீட்டுப் பூனைக் குட்டி என்று எண்ணிக் கடந்து போய்விடுகிறார்கள் என்பதே என் கணிப்பு. இலங்கையின் மூன்றாவது சிறு பூனையான, புள்ளியில்லாத நீண்டகால் காட்டுப் பூனை, பெரும்பாலும் உலர் வலயத் தாழ்நிலத்துக்கு உரியது.

பிள்ளைகளிடம், அந்த விலங்கு அவர்களைத் தேடி வரவில்லை, மீனையும் எலியையும் தேடி ஆற்றுக்கு வருகிறது என்று சொல்லுங்கள். மனிதரைக் கண்டால் விலகிப் போவதே அதன் இயல்பு. அணுகாமலும் கல்லெறியாமலும் இருந்தால் போதும்.

இந்தப் பூனைகள் இரவில் மட்டும்தான் நடமாடுமா? யாரும் பார்க்காத நேரத்தில் அவை என்ன செய்கின்றன என்பதை ஆராய்ச்சியாளர்கள் எப்படிக் கண்டறிகிறார்கள்?
– உயர்தர உயிரியல் மாணவர் ஒருவர், பொகவந்தலாவை

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. முதலாவதற்கான விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது அதிலேதான் இருக்கிறது.

காட்டுப் பாதையோரத்தில் மரத்தில் கட்டப்படும் தானியங்கிக் கெமரா, தன் முன்னால் உடற்சூடுள்ள ஒன்று அசைந்தவுடன் படம் எடுத்து, அதில் நாளையும் நேரத்தையும் பதிந்துவிடும். பல மாதங்கள் இரவும் பகலும் இவ்வாறு சேரும் படங்களை நாளின் 24 மணி நேரத்தின்மீது பரப்பிப் பார்த்தால், எந்த நேரத்தில் நடமாட்டம் செறிந்திருக்கிறது, எந்த நேரத்தில் அடங்கிவிடுகிறது என்பது ஒரு வளைகோடாகத் தெரியவரும். ஒரே பூனை கெமராவின் முன்னால் உட்கார்ந்து உடலை நக்கிக்கொண்டிருந்தால் பத்துப் படங்கள் விழக்கூடும் ஆகையால், அரை மணி நேரத்துக்குள் விழுந்தவற்றை ஒரே வருகையாகக் கொள்வது பொதுவான வழக்கம். மீன்பிடிப் பூனையின் புள்ளி அமைப்பு ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு இராது என்பதால், தெளிவான படத்திலிருந்து தனி விலங்கையும் இனங்காணலாம்.

இந்த முறைக்கு ஒரு குறைபாடும் உண்டு. சிறுத்தையை எண்ணுவதற்காக முழங்கால் உயரத்தில் கட்டிய கெமரா, ஒன்றரைக் கிலோகிராம் எடையுள்ள துரும்பன் பூனையைத் தவறவிடக்கூடும். மேலும் அது மரமேறுவதில் வல்லது. கிளைகளில் கழிக்கும் நேரம் தரையிலுள்ள கெமராவுக்குத் தெரியாது. ஆகவே துரும்பன் பூனையின் படம் குறைவாகக் கிடைத்த இடத்தில் அந்தப் பூனையே குறைவு என்று உடனே முடிவு கட்டுவது சரியல்ல.

இனி முதலாவது கேள்வி. துரும்பன் பூனை இரவு விலங்கு என்பதில் ஐயமில்லை. இருட்டிய பின் வெளியே வந்து, விடிவதற்கு முன் மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ அடர்ந்த பற்றையிலோ புகுந்துவிடும். மீன்பிடிப் பூனையும் பெரிதும் இரவிலேயே இயங்கினாலும், அதன் நேரம் அவ்வளவு கறாரானதல்ல. அந்தியிலும் வைகறையிலும் அதைக் காணலாம். மனிதத் தொந்தரவு இல்லாத இடங்களில் பகலிலும் சில வேளை நடமாடும். அக்கரப்பத்தனை அம்மாமார் கண்ட நேரம் இதனோடு ஒத்துப்போகிறது. உலர் வலயக் காட்டுப் பூனையோ பகல் வெளிச்சத்துக்கு அவ்வளவாகக் கூச்சப்படுவதில்லை.

இரவைத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஒன்றல்ல. முதன்மையானது இரை. எலியும் தவளையும் மலையகத்தில் இரவில்தான் அதிகம் வெளிவருகின்றன. உடல் சிறிதாக இருக்கும் ஊனுண்ணி நீண்ட நாள் பட்டினி கிடக்க முடியாது. அதனால் இரை வெளியே வரும் நேரத்தை ஒட்டியே அதன் நாள் அமைந்துவிடுகிறது. கண்ணின் அமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒளிதெறிக்கும் படலம், ஒருமுறை கடந்துபோன வெளிச்சத்தை மீண்டும் விழித்திரைக்கே திருப்பி அனுப்புகிறது. டோர்ச் வெளிச்சத்தில் பூனைக் கண் மின்னுவது இதனாலேயே.

அடுத்தது அச்சம். சிறுத்தை நடமாடும் காட்டில் சிறு பூனை தன் பாதையையும் நேரத்தையும் அதற்கு ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிறுத்தையும் இரவில்தான் அதிகம் நடமாடுவதால் நேரத்தால் மட்டும் தப்பிவிட முடியாது. அடர்த்தியான மறைவும் ஏறித் தப்ப மரமும் வேண்டும். தோட்டப் பகுதியில் சிறுத்தையைவிட மனிதரும் நாய்களுமே அதிகம். காலைப் பிரட்டு எனும் ஆள் திரட்டல் முதல் மாலையில் கொழுந்து நிறுப்பது வரை தேயிலை மலைகளில் ஆள் நடமாட்டம் ஓய்வதில்லை. இவ்வாறான இடங்களில் ஊனுண்ணிகள் இரவுக்கு மேலும் ஒதுங்கிக்கொள்வது உலகின் பல பகுதிகளிலும் பதிவாகியிருக்கிறது. லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றி அவிழ்த்துவிடப்படும் நாய்கள் அந்த இரவிலும் பங்கு கேட்கின்றன என்பதுதான் எனக்குக் கவலை தருவது.

எங்கள் வீட்டுக் கடுவன் பூனை இரவில் காட்டுப் பக்கம் போய்விடுகிறது. இதனால் காட்டுப் பூனைகளுக்குத் தீங்கு உண்டா?
– இல்லத்தரசி ஒருவர், பண்டாரவளை

உண்டு. வீட்டுப் பூனைகளின் குடலைத் தாக்கும் கொடிய வைரசு நோய் காட்டுப் பூனைகளுக்கும் தொற்றக்கூடியது. நாய்களின் டிஸ்டெம்பர் நோயும் பூனைக் குடும்பத்தைத் தாக்க வல்லது. இரையும் ஒன்றே என்பதால் போட்டியும் ஏற்படும். மிருக வைத்தியரிடம் தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்துவிடுங்கள். கருத்தடை செய்த கடுவன் தொலைதூரம் அலைவது குறையும். இரவில் வீட்டுக்குள் அடைத்து வைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

எங்கள் தோட்டத்தில் ஓடைக்கரைப் பற்றையை வெட்டித் துப்புரவாக்கி, விளிம்பு வரை மரக்கறி போடவேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. எலியும் பாம்பும் குறையும் என்கிறார்கள். காட்டு விலங்குக்கு வேண்டியது பெரிய காடுதானே, இந்தச் சின்னப் பற்றையால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?
– ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர், தலவாக்கலை

ஐயா, உங்கள் கேள்விக்கு நீண்ட பதில் எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். மலையகச் சிறு பூனைகளின் எதிர்காலம் பெரும்பாலும் இந்தப் பற்றையில்தான் தங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் மலைகளின் வரைபடத்தை மனத்தில் விரித்துப் பாருங்கள். காடு எங்கே மிஞ்சியிருக்கிறது? உச்சிகளில். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக மலைச்சரிவுகள் அழிக்கப்பட்டன. 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, அந்த நிலங்களில் தேயிலை வந்தது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடவேண்டாம் என்று தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1873இல் ஆங்கிலேய அரசுக்கு ஆலோசனை கூறினார். ஹோர்ட்டன் சமவெளி போன்ற உயர்நிலக் காடுகள் எஞ்சியதில் அந்த ஆலோசனைக்கும் பங்குண்டு. ஆக, மேலே காடு, கீழே ஆறு, இரண்டுக்கும் இடையில் தேயிலை என்று நம் நிலம் அமைந்துவிட்டது. உச்சிக் காட்டிலிருந்து ஊற்றெடுத்துத் தேயிலைக்கு ஊடாக இறங்கிக் கொத்மலை ஓயாவையோ மஸ்கெலியா ஓயாவையோ சேரும் ஓடைகளின் கரைகள்தாம் இவ்விரண்டையும் இணைக்கும் மறைவான வழி. அந்தக் கரையை விளிம்பு வரை வெட்டிவிட்டால் மேற்காட்டுப் பூனை மேலேயே அடைபட்டுப்போகும்.

அடைபட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒரு மீன்பிடிப் பூனைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கு நேபாளத்தின் சித்வான் தேசியப் பூங்காவில் கழுத்துப்பட்டி வானொலிக் கருவி பூட்டிப் பின்தொடர்ந்த கணக்கு ஒன்று உண்டு. பெண்கள் 4 முதல் 6 சதுர கிலோமீற்றர் வரையும், ஓர் ஆண் 16 முதல் 22 சதுர கிலோமீற்றர் வரையும் பயன்படுத்தின. அது தாழ்நிலக் கணக்கு. நம் மலைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரே மலையுச்சியில் எஞ்சிய காட்டுத் துண்டு, ஒரு சில பூனைகளுக்குமேல் தாங்காது என்பதை அது உணர்த்தும். அந்தச் சிலவும் வெளியிலிருந்து இணை வராமல் தமக்குள்ளேயே பெருகவேண்டிய நிலை வந்தால் அந்தக் குடித்தொகை நீண்டகாலம் நிலைப்பது கடினம்.

அதே வேளை, இவற்றுக்கு மனிதன் கால்படாத பெருங்காடுதான் வேண்டும் என்பதும் உண்மையல்ல. கொழும்பு நகரத்துச் சதுப்பு நிலங்களில், கட்டடங்களுக்கு நடுவே மீன்பிடிப் பூனைகள் வாழ்வது நன்கு பதிவாகியிருக்கிறது. 2,100 மீற்றர் உயரத்தில், பனி உறையும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அவை இருக்கின்றன. நீர்புகாத அடர்ந்த உள்மயிரும் அதன்மேல் நீண்ட வெளிமயிருமாக இரட்டைத் தோலாடை அவற்றுக்கு உண்டு. நகரமானாலும் மலையானாலும் அவை விட்டுக்கொடுக்காதவை நீரும், நீருக்கு ஒட்டிய மறைவும்தான். மீன்பிடிப் பூனை கரையோரத்தில் பதுங்கி உட்கார்ந்து, முன்காலால் நீர்மேற்பரப்பை மெல்லத் தட்டி, அருகே வரும் மீனை வாரி எடுக்கும்; தேவையானால் தலைகீழாகப் பாயவும் செய்யும். பதுங்குவதற்குப் புல்லும் பற்றையும் இல்லாத வெறுங்கரையில் இது நடவாது. துரும்பன் பூனைக்கு ஓடை அத்தனை கட்டாயமில்லை. ஆனால் பொந்துள்ள பழைய மரம், பாறை இடுக்கு, அடர்ந்த பற்றை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். ஈரவலய மலைப்பகுதியில் வாழ்வதும் உலர் தாழ்நிலத்தில் வாழ்வதும் அதன் வேறுவேறு உள்ளினங்களாகக் கருதப்பட்டு வந்துள்ளன என்பதால், மலையகத்தில் அழிந்தால் தாழ்நிலத்திலிருந்து கொண்டுவந்து ஈடுசெய்துவிடலாம் என்றும் எண்ண முடியாது.

தேயிலையே மறைவுதானே என்று உங்கள் அனுபவத்திலிருந்து நீங்கள் கேட்கக்கூடும். உண்மைதான். கவாத்துக்குப் பின் (செடியின் கிளைகளை வெட்டிக் குறைத்த பின்) நன்கு மூடி வளர்ந்த தேயிலையின் அடியில் குனிந்து பார்த்தால், இடுப்பளவுக் கூரையின்கீழ் இருண்ட வழிகள் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கும், அங்கிருந்து கானுக்கும் (வடிகாலுக்கும்) போவது தெரியும். சிறு பூனைக்கு அது நல்ல வேட்டைக்களம். ஆனால் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து வருகிறது. கத்தி பட்ட மலையில் சில மாதங்களுக்கு மொட்டைத் தண்டுகள்தாம் நிற்கும். அந்த மாதங்களில் பூனை ஒதுங்குவதற்குப் பக்கத்தில் ஓடைக்கரைப் பற்றை இருந்தால் அது அங்கேயே தங்கும். இல்லாவிட்டால் வேறிடம் தேடி வீதியைக் கடக்கும். இலங்கையில் இந்த இரண்டு பூனைகளும் வாகனங்களில் அடிபட்டுச் சாவது அடிக்கடி பதிவாகும் இழப்பு. மனிதர் நட்ட பைனஸ் காடு இதற்கு மாற்றாகாது. ஊசியிலை மூடிய தரையில் கீழ்ச்செடி சொற்பம், செடி இல்லாத இடத்தில் இரையும் சொற்பம்.

எலி குறையும் என்ற வாதத்துக்கு நேரடியாகவே பதில் சொல்லுங்கள். எலி பெருகுவது மரக்கறிக் கழிவாலும் லயன்களைச் சுற்றிக் குவியும் குப்பையாலும்தான். அவற்றை அகற்றினால் பாம்பும் குறையும். கோப்பிக் காலத்தில் செடிகளைக் கடித்து நாசமாக்கிய காட்டெலிக்குக் கோப்பி எலி என்ற பெயரே நிலைத்துவிட்டது. தோட்டத்துக்கும் எலிக்கும் உள்ள வழக்கு அவ்வளவு பழையது. துரும்பன் பூனையின் முக்கிய இரை எலி. அதன் இருப்பிடத்தை வெட்டிவிட்டு எலிநஞ்சு வைப்பது இரட்டை நட்டம். இரத்தம் உறையாமல் செய்யும் வகை நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை; சில நாட்கள் தளர்ந்து திரியும். எளிதில் பிடிபடும் அந்த எலியைத் தின்னும் பூனையும் ஆந்தையும் நஞ்சேறிச் சாகும்.

தோட்ட நிர்வாகத்திடம் பேசும்போது வேறொன்றையும் நினைவூட்டலாம். சூழலைப் பேணும் தோட்டங்களுக்கு வழங்கப்படும் ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் பெற்ற தோட்டமானால், நீர்நிலையோரத் தாவரங்களைப் பேணுவது அந்தத் தரநிலையின் நிபந்தனைகளுள் ஒன்று. விளிம்பு வரை கொத்திய கரை முதல் பெருமழையிலேயே சரிந்து ஓடைக்குள் விழும் என்பதை வெளிக்களத்தில் காலம் கழித்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கவாத்து வெட்டும்போது தேயிலைத் தூரில் இரண்டு குட்டிகள் கிடந்தன. தாய் இல்லை என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து பசுப்பால் கொடுத்தோம். ஒன்று செத்துவிட்டது. மற்றதை அதிகாரிகள் கொண்டுபோனார்கள். இனி இப்படிக் கண்டால் என்ன செய்யவேண்டும்? காட்டோரம் பன்றிக்கு வைக்கும் கம்பியில் பூனை அகப்பட்டிருந்தால்?
– தோட்டத் தொழிலாளி ஒருவர், மஸ்கெலியா

தம்பி, இரக்கத்தோடுதான் எடுத்துவந்தீர்கள். அதற்காக உங்களை யாரும் குறைசொல்ல முடியாது. தாய்ப் பூனை இரைக்குப் போகும்போது குட்டிகளை மறைவில் விட்டுவிட்டே போகும். பகலில் ஆட்கள் வேலை செய்யும் சத்தத்துக்கு அது பக்கத்துப் பற்றையில் பதுங்கியிருக்கவும் கூடும். குட்டிகளைத் தொடாதீர்கள். கங்காணியிடம் சொல்லி, அந்தத் தூரைச் சுற்றியுள்ள சில வரிசைகளை அன்றைக்கு வெட்டாமல் விட்டு, நாய்களை விலக்கி, எல்லோரும் அவ்விடத்தை விட்டுப் போய்விடுங்கள். இருட்டிய பின் தாய் வந்து ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டுபோகும். மறுநாள் காலையிலும் குட்டிகள் அங்கேயே கத்திக்கொண்டு கிடந்தால் மட்டும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். பசுப்பால் பூனைக் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உடலின் நீர் வற்றிவிடும். இவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். கடியோ கீறலோ பட்டிருந்தால் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய்த் தடுப்பூசி தேவையா என்பதை வைத்தியர் முடிவுசெய்வார்.

கம்பியைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி. 2020 மே மாதத்தில் உங்கள் பகுதியிலேயே, நல்லதண்ணிப் பக்கத்தில், கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் மாட்டிக் காப்பாற்ற முடியாமல் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அது நாடெங்கும் செய்தியானது. அதே கம்பியில் அகப்படும் சிறு பூனைகள் செய்தியாவதில்லை. பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் என்று வைத்தாலும், சுருக்குக்கு ஆள் தெரியாது. விலங்கு திமிறத் திமிறக் கம்பி இறுகி, தோலையும் தசையையும் அறுத்து, உள்ளுறுப்புகளையும் நசுக்கிவிடும். வெளியே காயம் தெரியாவிட்டாலும் உள்ளே சிதைந்திருக்கும். ஆகவே அகப்பட்ட விலங்கை நீங்களாக அவிழ்த்துவிடக் கூடாது. அது உங்களைத் தாக்கலாம். தப்பி ஓடினாலும் சில நாட்களில் எங்காவது செத்துக் கிடக்கும். உடனே 1992க்கோ அருகிலுள்ள வனஜீவராசிகள் அலுவலகத்துக்கோ அறிவித்து, மிருக வைத்தியர் மயக்க மருந்தோடு வரும்வரை ஆட்களையும் நாய்களையும் தூரத்தில் நிறுத்துங்கள். கூட்டமும் கூச்சலும் கூடினால் அது இன்னும் திமிறும். தொலைபேசியால் படமெடுக்கப் பக்கத்தில் போகிறவர்களைத் தடுப்பதும் ஓர் உதவிதான்.

வெறுங்கம்பியைக் கண்டால், அது மோட்டார் சைக்கிள் பிரேக் வயராகவோ சாதாரணக் கம்பியாகவோ இருக்கும். தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், வேலியிலோ பற்றையிலோ விலங்குகள் நுழைந்து நுழைந்து உண்டான சந்துகளில்தான் பெரும்பாலும் கட்டுவார்கள். கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு, தோட்ட அலுவலகத்துக்கும் திணைக்களத்துக்கும் சொல்லி அகற்றச் செய்யுங்கள். அகற்றிய பின்னும் அந்தச் சந்தை இடைக்கிடையே பார்த்துக்கொள்ளுங்கள். விலங்கின் வழி மாறாதவரை மறுபடியும் அதே இடத்தில்தான் கட்டுவார்கள்.